கையைப் பார்த்துப் பேசியவள்

அக்கா யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கையைப் பார்த்துத்தான் பேசுவாள். நாம் சுவாரசியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்போம், அவள் கண் நம் விரல்களிலேயே நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள், மோதிரத்தைத்தான் பார்க்கிறாளோ என்று கையை மடியில் ஒளித்துக்கொள்வார்கள். நானும் முதல் வாரம் ஒளித்துக்கொண்டேன். என்னிடம் மோதிரமே கிடையாது என்பது வேறு விஷயம்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அது ஒரு சின்ன யூனிட். ஃபியூஸ் கட்டை, கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குமிழ், கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, ஆர்டர் கிடைத்தால் டீக் கப், இவ்வளவுதான் சரக்கு. செக்கிங் நடக்கிற தகரச் செட்டில் ஒரே மேசையில் அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். சூளையிலிருந்து இறங்கியது பலகை பலகையாக எங்களிடம் வரும். ஒவ்வொன்றையும் எடுத்துச் சின்னக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஊசித்துளையோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் அது செகண்ட்ஸ் என்கிற இரண்டாம் தரக் கூடைக்குப் போகும். எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிகூட அப்படித்தான். ஐம்பதைத் தொட்டவள், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், ஒரே மகன் திருப்பூரில். அவளைப் பற்றி அவள் வாயால் சொன்னது இவ்வளவுதான். மற்றவர்களைப் பற்றித்தான் அவளுக்கு நிறையத் தெரியும்.

"மூஞ்சிய நம்பாத. மூஞ்சிய எப்படி வேணும்னாலும் வெச்சுக்கலாம். ஒரு சாமான எடுக்கக் கை போவுது பாரு, அப்ப பாரு. அதுக்கு யோசிக்க நேரம் இல்ல" என்பாள்.

முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. பிறகு நானும் பார்க்க ஆரம்பித்தேன். கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடாமல் ஒரு தடவை மட்டும் சுட்டதை நாங்கள் பிஸ்கட் என்போம். பார்த்தாலே சொரசொரப்பு தெரியும். அதை எடுக்கக் கை விறுவிறுவென்று போகும், இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும், கிள்ளி எடுத்துவிடும். அதே கட்டை கிளேஸ் போட்டுப் பளபளவென்று இருந்தால், பக்கத்தில் போனதும் கை நிதானித்துவிடும். விரல்கள் அகலமாக விரியும், கட்டைவிரல் அடியில் போய் நிற்கும். இவ்வளவும் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கண் பார்த்ததைக் கை நம்பி அதற்கு ஏற்றபடி தயாராகிவிடுகிறது. டீ கொண்டுவருகிறவரிலிருந்து கரண்டு பில் கொடுக்க வருகிறவர் வரை எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள். அக்கா எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. "பாத்தியா?" என்று மட்டும் கேட்பாள், அவ்வளவுதான்.

ஒரு தடவை திட்டக்குடிப் பக்கமிருந்து ஒருவர் வேலை கேட்டு வந்தார். கிளேஸ் போடுவதில் நல்ல பழக்கம், இதே எஸ்டேட்டில் வருஷக்கணக்காக இருந்தேன் என்று வாய் வலிக்கச் சொன்னார். முதலாளிக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அக்கா, கிளேஸில் முக்கி எடுத்து இன்னும் சூளைக்குப் போகாத ஒரு கப்பைக் காட்டி, "அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றாள். சுடாத கிளேஸ் வெறும் மாவு. தொட்டால் தொட்ட இடம் விரலோடு வந்துவிடும். அதனால் தொழிலில் இருக்கிறவர்கள் விளிம்பிலும் அடியிலும் விரல் கொடுத்துத்தான் தூக்குவார்கள், வயிற்றில் கை வைக்கவே மாட்டார்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் தண்ணீர் டம்ளரை அப்படித் தூக்குகிறவரைப் பார்த்தால் அவர் கிளேஸ் போடுகிறவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வந்தவர் கப்பை லட்சணமாக நடுவயிற்றில் பிடித்துத் தூக்கினார். ஐந்து விரலும் வெள்ளை.

"கிளேஸு போட்ட கையா இது? வூட்டுல தோச மாவு கூடத் தொட்டிருக்க மாட்டாரு" என்றாள் அக்கா, அவர் எதிரிலேயே.

அந்த மனுஷர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பொய்தான் சொன்னார், வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்ன பொய். அக்கா அதெல்லாம் பார்க்க மாட்டாள்.

என் வீட்டுக்காரரையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வண்டியில் வந்தவர், முதுகெல்லாம் கண்ணாடியாக மின்னுகிற புதுப் போனைக் காட்டினார். "இன்னைக்குத்தான் வாங்குனேன்" என்றார். எங்கள் மேசையில் அதை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார், பேசிக்கொண்டே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வண்டியை எடுக்கப் போனதும் அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"அது இன்னைக்கு வாங்குன போனு இல்லடி."

"ஏன்க்கா இப்படிச் சொல்றீங்க?"

"கண்ணாடி முதுகு, கவரு கூடப் போடல. புதுசா வாங்குனவங்க பாத்துப் பாத்து உள்ளங்கையில ஏந்துவாங்க. உன் வூட்டுக்காரரு பாக்கவே இல்ல. ரெண்டு வெரல்ல உருவிக்கிட்டாரு. பழகுன கை."

அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போனது. என் வாய்க்குப் பயந்து, எப்போதோ வாங்கிய போனை நண்பர் கடையில் ஒளித்து வைத்து, பகலெல்லாம் உபயோகித்துவிட்டு, மெதுவாக வெளியே எடுத்திருக்கிறார். நியாயமாக எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். அக்கா மேல்தான் வந்தது. தெரியாமலே இருந்திருந்தால் நான் சந்தோஷமாக அந்தப் போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்குள் வரவே இல்லை. ரோட்டிலேயே, இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்.

என்னையும் அவள் நம்பவில்லை. இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. தன் பலகையை முடித்ததும் அதை அப்படியே என் பக்கம் தள்ளுவாள்.

"இதையும் ஒரு தரம் தடவிப் பாரு."

"நீங்க பாத்து முடிச்சதுதானக்கா?"

"முடிச்சதுதான். நடுவுல கெட்டது கொஞ்சம் போட்டு வெச்சிருக்கேன். நீ கண்டுபுடிக்கிறியா, சும்மா தடவிட்டுத் தள்ளுறியான்னு பாக்கணும் இல்ல."

உண்மையிலேயே கெட்டது இருக்கும். ஊசித்துளை விழுந்த ஃபியூஸ் கட்டையை எடுத்து அவள் முன்னால் டொக்கென்று வைப்பேன். "ம்" என்பாள். ஒரு பாராட்டு கிடையாது. இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாதமாகத் திருட்டுப் பூனையைக் காவல் காப்பது மாதிரி என்னைக் காவல் காத்தாள். பேக்கிங்கில் இருந்த செல்வியிடம்தான் சொல்லிப் புலம்புவேன்.

செல்விக்கு கம்மாபுரம் பக்கம் ஊர். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டதால், இங்கே வாடகை வீட்டுக்கு வந்தவர்கள். அவள் புருஷனுக்கு விவசாயம் தவிர ஒன்றும் தெரியாது. டவுனில் என்ன செய்வது என்று தெரியாமல் ஜங்ஷன் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மெல்லிய குரல், யார் எதைச் சொன்னாலும் "ஆமாக்கா" என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்த டம்ளர் வந்தது.

முதலாளி தானே தன் அறையில் கலந்து பார்த்து, தானே சூளையில் வைத்து எடுத்து, ஒரு புது கிளேஸ் கண்டுபிடித்திருந்தார். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டலுக்காக. பார்வைக்கு அந்த டம்ளர் காய்ந்த களிமண் மாதிரியே இருக்கும், மணல் மணலாகத் தெரியும். தொட்டால் அப்படியே சோப்பு. எங்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் யாரையும் அவர் தொட விடவில்லை. அவர் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் வரிசையாக இருந்தது, போகிறபோதும் வருகிறபோதும் பார்ப்போம். இந்த மண் டம்ளருக்கா இவ்வளவு பவுசு என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

ஒரு நாள் காலையில் வரிசையில் ஒன்று இல்லை.

முதலாளி கத்தியதைக் கேட்டு அடுத்த யூனிட்டில் வேலை செய்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த டம்ளர் வேறு யூனிட் கைக்குப் போனால் ஆர்டர் போச்சு. கத்தி ஓய்ந்த பிறகு அக்காவைக் கூப்பிட்டார். "நீங்கதான் கையப் பாத்தே ஆளச் சொல்லுவீங்களே, இப்பச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார். பாதி நம்பிக்கை, பாதி கிண்டல்.

அக்கா யோசித்தாள். பிறகு ஒரு மேசையின் மேலும் கீழும் வைக்கோல் பரப்பச் சொன்னாள். "சார், எல்லாரும் இத கண்ணாலதான் பாத்திருக்காங்க. தொட்டதில்ல. நானும் தொட்டதில்ல. ஒவ்வொருத்தரா வந்து இத எடுத்து அந்தப் பலகையில வெக்கட்டும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். முதலாளி பீரோவிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மேசையில் வைத்தாள்.

மற்றவர்களை வெளியே நிறுத்தி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள், முதல் ஆளாக நான் மேசைப் பக்கமே நின்றிருந்தேன், எடுத்து வைத்தவர்கள் அங்கேயே நின்றோம். எல்லார் கையும் ஒரே மாதிரிதான் போனது. மண் சாமான்தானே என்று விறுவிறுவென்று போய், மேலே இரண்டு விரலால் கிள்ளியது. டம்ளர் சர்ரென்று நழுவியது. "அய்யோ!" என்று இரண்டாவது தடவை ஐந்து விரலாலும் அமுக்கிப் பிடித்தோம். எனக்கும் அப்படித்தான் ஆனது. செல்வி கையிலிருந்து அது தப்பியே போய்க் கீழே வைக்கோலில் விழுந்தது. அவள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் அழுவுற? விழுந்தது நல்லது" என்றாள் அக்கா. முதலாளியிடம் திரும்பி, "இங்க யாரும் இல்ல சார். ஒருத்தருக்கும் இது வழுக்கும்னு தெரியல. எடுத்தவங்க ஒரு தரமாவது கையில புடிச்சிருப்பாங்க இல்ல" என்றாள்.

எல்லாரும் பெருமூச்சு விட்டோம். நான் மட்டும் விட்ட மூச்சைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். ஒருத்தர் கைக்கு மட்டும் அது வழுக்கவில்லை. முதலாளி நீட்டியபோது அக்கா அதை எப்படி வாங்கினாள் என்று நான் பார்த்திருந்தேன். கை மெதுவாகப் போனது. விரல்கள் நன்றாக விரிந்து, உள்ளங்கை அடியில் ஏந்தி, இன்னொரு கை பக்கத்தில் அணைத்தது. மண் டம்ளரை அப்படி யாரும் வாங்க மாட்டார்கள். சோப்பு என்று தெரிந்தவள்தான் வாங்குவாள். "நானும் தொட்டதில்ல" என்று அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகிவிட்டது. எதிரே உட்கார்ந்து அவள் கையையே பார்த்தேன். இத்தனை நாள் அவள் என்னைப் பார்த்ததற்குப் பதிலாக நான் அவளைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே கோணலாகத் தெரிந்தது. தன் பையை யாரையும் தொட விடுவதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் வேறு சந்துக்குள் நுழைகிறாள். ஒரு சாயங்காலம் நான் பின்னாலேயே போய்ப் பழக்கடை ஓரம் நின்றேன். வெகு நேரம் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டே வெளியே வந்தாள்.

"நேத்து எங்கக்கா போனீங்க, பஸ்ஸுல காணமே?" என்று மறுநாள் கேட்டேன்.

"கருவேப்பிலங்குறிச்சியில தங்கச்சி வூட்டுக்கு."

பொய். கருவேப்பிலங்குறிச்சி பஸ் அந்தச் சந்துக்குள் வராது. ஆள் அகப்பட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டில் சண்டை மூட்டியவள், என்னைப் பலகை பலகையாகச் சந்தேகப்பட்டவள், கடைசியில் அவளே கள்ளி.

கொஞ்ச நாள் கழித்து பாண்டிச்சேரியிலிருந்து போன் வந்தது. இதே மாதிரி டம்ளரை இன்னொரு யூனிட்டும் காட்டியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். முதலாளி யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை. நேராக முடிவுக்கு வந்துவிட்டார். அந்த இன்னொரு யூனிட்டில் சூளைக்கு அடுக்குகிற வேலையில் செல்வியின் தம்பி இருக்கிறான், அதனால் செல்விதான். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பப் போகிறார் என்று மத்தியானமே செட்டெல்லாம் பரவிவிட்டது. செல்வி பேக்கிங் மேசையில் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலை போனால்கூட வேறு பார்க்கலாம். திருடி என்று பெயர் எடுத்தவளை இந்த எஸ்டேட்டில் எந்த யூனிட்டும் சேர்க்காது.

எனக்குத் தாங்கவில்லை. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் அக்காவை மறித்தேன்.

"நீங்கதான் எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்களா போய்ச் சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன். அந்தப் பொண்ணு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள்.

"எதவெச்சு சொல்ற?"

சொன்னேன். விரிந்த விரலையும் ஏந்திய உள்ளங்கையையும் சொன்னேன். சந்துக்குள் நுழைந்ததையும் பொட்டலத்தையும் சொன்னேன்.  முடித்ததும், "பரவால்ல, நல்லாத்தான் பாத்திருக்க" என்றாள். பிறகு தொட்டிச் சுவர் மேல் கிடந்த உடைசல்களைக் காட்டினாள். "அதுல ஒரு பிஸ்கட்டு எடு, ஒரு கிளேஸு எடு. நான் கண்ண மூடிக்கிறேன். ஏதாவது ஒண்ண என் கையில வை."

கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பிஸ்கட் துண்டை வைத்தேன். உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. அவள் கட்டைவிரலால் தேய்த்தாள், திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"கிளேஸு" என்றாள்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"சக்கர. மழைக்காலத்துல வெரலு நுனி மட்டும் மரத்துச்சு. இப்ப ஒண்ணும் தெரியல. அந்தச் சந்துல ஒரு டாக்டரு இருக்காரு, மாத்திரதான் அந்தப் பொட்டலம். டப்பா மூடி எங்க பிடிக்குதுன்னு கூடத் தெரியல, அதான் திரும்பிக்கிறேன். எது சொரசொரப்பு, எது வழுக்கல்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் வழுக்கற சாமான்னு நெனச்சுத்தான் புடிக்கிறேன். மண்ணு டம்ளரயும் அப்படித்தான் புடிச்சேன்."

எனக்கு வேறொன்று பொறி தட்டியது. "அப்ப நீங்க தள்ளுன பலகையெல்லாம்?"

"கெட்டத நான் வேணும்னு போடலடி. எனக்குத் தெரியல. சத்தத்துல தெரியறத நான் எடுத்துடுவேன். தடவிப் பாக்கறதுக்கு உன் வெரல்தான். கேட்டா செய்வியோ மாட்டியோ. சந்தேகப்பட்டா ரோசத்துல செய்வ."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. என்னை அவள் ஒரு நாளும் சந்தேகப்படவே இல்லை. அதை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குள் செட்டிலிருந்து யாரோ, "செல்விய சார் கூப்புடுறாரு" என்று குரல் கொடுத்தார்கள்.

அக்கா தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, செல்விக்கு முன்னாலேயே முதலாளி அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம்.

"சார், அந்தப் பொண்ண விட்டுடுங்க. டம்ளர எடுத்தது நான்தான்."

"என்னாக்கா பேசறீங்க? அவளக் காப்பாத்தறதுக்காக எதையாவது சொல்லாதீங்க."

"அன்னைக்கு நீங்க குடுத்தப்ப நான் எப்படி வாங்கினேன்னு யோசிச்சுப் பாருங்க சார். எல்லார் கையிலயும் வழுக்குச்சு. என் கையில வழுக்குச்சா?"

 முதலாளி யோசித்துப் பார்ப்பது எங்களுக்கே தெரிந்தது. நான் தொட்டிக்குப் பின்னால் அவள் மேல் வைத்த குற்றச்சாட்டை அவள் எடுத்துத் தன் மேலேயே வைத்துக்கொண்டுவிட்டாள், ஒரு வார்த்தை மாற்றாமல்.  யாருக்குக் கொடுத்தாய் என்று அவர் கேட்டதற்கு, "அத கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவர் கத்திய கத்தலை எழுத எனக்கு விருப்பமில்லை. இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்தேனே என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நன்றாகத்தான் நடித்தாள்.

கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் அவள் பையைப் பிடித்தேன்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? சக்கரைன்னு உள்ளத சொல்லியிருக்கலாமே!"

"அதச் சொன்னா செல்விக்கு என்னா ஆவும்? அவருக்கு யாராவது ஒருத்தரு வேணும், அவ்ளோதான். எனக்கு எப்படியும் இந்த வேல இல்ல. இன்னும் எத்தன நாளுக்கு உன் வெரல வெச்சு ஓட்டறது?"

"இருந்தாலும் திருடின்னு..."

"திருடின்னா ரெண்டு நாளு திட்டுவாங்க. வெரலு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா, பாவம்னு சொல்லி ஆளாளுக்கு என் கைய எடுத்துத் தடவிப் பாப்பாங்க. எனக்குத் திட்டே போதும்." பையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டாள். எப்படிப் பிடிக்கிறாள் என்று நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "யாருகிட்டயும் சொல்லாத. கேட்டா நீயும் திருடின்னே சொல்லு. போயிட்டு வரேன்."

திருப்பூருக்கு மகனிடம் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். திரும்ப வரவில்லை. டம்ளரை உண்மையில் யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. எங்கள் செட் ஆள் இல்லை என்பது அக்காவின் கணக்கு. நானும் நம்புகிறேன், பெரும்பாலான நாட்களில். சில நாள் மட்டும், பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதோ, ஒன்று தோன்றும். விரல் மரத்தது உண்மை. அதனாலேயே அவள் எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா? தொடாதவளுக்கு அது வழுக்கும் என்று எப்படித் தெரிந்தது, அந்தச் சோதனையை வைக்க? இப்படி நினைத்ததற்காக உடனே என்னை நானே திட்டிக்கொள்வேன். அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி, எந்த டாக்டரிடமும் இதற்கு மாத்திரை கிடையாது.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்காவின் இடத்தில் செல்வியை உட்கார வைத்திருந்தார் முதலாளி, பேக்கிங்கிலிருந்து செக்கிங்குக்கு. அவளைச் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரம் போலிருக்கிறது. இரண்டு நாளில் செல்வியின் குரல் மாறியிருந்தது.

"எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. அந்தம்மா பார்வையே சரியில்ல. எப்பப் பாரு அடுத்தவங்க கையையே பாத்துக்கிட்டு! தான் எடுத்துட்டு எம்மேல பழி விழட்டும்னு சும்மா இருந்தாங்க பாருங்க, அந்த நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்?"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எதிர்லயேதான ஒக்காந்திருந்தீங்க. உங்களுக்குமா தெரியல?"

எல்லார் முகமும் என்னைப் பார்த்தது.

"தெரியும்" என்றேன். "எனக்கு முன்னாடியே தெரியும். திருடிதான்."

செல்விக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் டப்பாவிலிருந்து வறுத்த கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து என் சோற்று மேல் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துத் தின்றேன்.